தென்னிந்தியாவுக்கு ஹோம் கேர் மாஸ்டர் பிரான்சைஸ்: கையெழுத்துப் போடலாமா?

திரும்பிவந்தவன்_கோவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 14 வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுப் போன தை மாதம் குடும்பத்தோடு கோவைக்குத் திரும்பிவிட்டேன். காரணம் அப்பா. பக்கவாதம் வந்து இடது கை கால் விழுந்துவிட்டது. நான் வந்து சேர்வதற்கு முன் 7 மாதத்தில், அப்பாவைக் கவனித்துக்கொள்ள வந்த 11 ஆட்களை அம்மா பார்த்துவிட்டார். ஒருவர் இரண்டே நாளில் போனார், ஒருவர் நன்றாகப் பார்த்தார், ஆனால் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் திரும்பவே இல்லை. ஒவ்வொரு புது ஆளுக்கும் அப்பாவை எப்படித் தூக்குவது என்று அம்மாதான் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்கு 71 வயது.

ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு ஹோம் கேர் நிறுவனத்திலிருந்து ஆள் வருவார். சமையலறை மேடையில் ஒரு நோட்டு இருக்கும். காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை முறை எழுந்து நடந்தார், எல்லாம் அதில் இருக்கும். வழக்கமான ஆள் லீவு என்றால் வேறொருவர் வந்து, அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அதை நம் ஊரில் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குள் வேரூன்றிவிட்டது.

அதே துறையில் உள்ள ஒரு அமெரிக்க பிராண்டோடு பேசினேன் (பெயர் வேண்டாம்). 5 தென் மாநிலங்களும் புதுச்சேரியும் சேர்த்து 10 வருடத்துக்கு மாஸ்டர் உரிமை, அதாவது அவர்கள் பெயரில் பிறருக்குக் கிளை கொடுக்கும் உரிமை, தருகிறோம் என்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 2.5 லட்சம் டாலர். 5 வருடத்தில் 25 கிளைகள் திறந்தாக வேண்டும். கிளை எடுப்பவர்களை நான்தான் தேட வேண்டும், பயிற்சியும் நானே தர வேண்டும். அவர்கள் போடும் பில்லில் 5% ராயல்டியாக வாங்கி, அதில் பாதியை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். எனக்குத் தலைமையகத்தில் 2 வாரப் பயிற்சி, அப்புறம் மேனுவல், மென்பொருள்.

2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6%. கேரளாவில் 16.5%. பிள்ளைகள் பாதிப் பேர் வெளியூரில். தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேர்ம் ஷீட்டில் (முக்கிய நிபந்தனைகளை எழுதிய முன் ஒப்பந்தம்) கையெழுத்துப் போட 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வீடு விற்ற பணம் கையில் இருக்கிறது. மனைவிக்குத் தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்கார்பரோ_அண்ணன் எழுதியது:

தம்பி, அப்பா தேறி வர வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன்.

நான் டொரண்டோவில் 6 வருடம் ஒரு ஹோம் கேர் பிரான்சைஸ் கிளை நடத்தினேன். மாஸ்டர் இல்லை, ஒரு கிளைதான். எங்களுக்கு மேலே பிராந்திய உரிமையாளர் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் அந்த நாற்காலியில்தான் உட்காரப் போகிறீர்கள்.

அவர் நல்ல மனிசன். ஆனால் ஒரு நாள்கூட ஹோம் கேர் கிளை நடத்தியதில்லை. தொடக்கத்தில் ராயல்டி சொற்பம்தானே, அதனால் அவருடைய செலவெல்லாம் புதுக் கிளை விற்கும் காசில் ஓடியது. காசோலையோடு வந்த எல்லோருக்கும் கிளை கொடுத்தார். ஒரு ஞாயிறு அதிகாலை, என்னுடைய பணியாளர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். அந்த வீட்டில் ஒரு அம்மா தனியே படுக்கையில். நான் பிராந்திய உரிமையாளருக்குப் போன் அடித்தேன். மேனுவலில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொன்னார். நானே வண்டி எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றினேன்.

உங்களிடம் கிளை எடுத்தவர் நாளைக்கு இப்படி அழைத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதற்குப் பதில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. இங்கே ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரான்சைஸ் விற்பவர் கையெழுத்துக்கு 14 நாள் முன்னதாகத் தன் நிறுவனத்தைப் பற்றிய முழு விவர ஆவணம் தர வேண்டும். தராமலே விற்றால் 2 வருடத்துக்குள் ஒப்பந்தத்தை முறித்துக் காசைத் திரும்பக் கேட்கலாம். நீங்கள் அப்படி ஏதும் வாங்கினீர்களா?

---

திரும்பிவந்தவன்_கோவை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. 18 பக்கப் பிரசன்டேஷன் ஒன்றுதான் கொடுத்தார்கள். ஆவணம் கேட்டதற்கு, அது அமெரிக்காவில் வாங்குபவர்களுக்கு மட்டும் என்றார்கள்.

---

மயிலாப்பூர்_வக்கீல் எழுதியது:

அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் பிரான்சைஸ் விதி, அந்த நாட்டுக்குள் அமையும் கிளைகளுக்குத்தான் பொருந்தும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872 ஒப்பந்தச் சட்டம், 1999 வணிகச் சின்னச் சட்டம், 1996 நடுவர் தீர்ப்புச் சட்டம், இவற்றை வைத்துத்தான் ஓட்டுகிறோம். அதனால் உங்களுக்கான பாதுகாப்பை ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்க வேண்டும்.

ஆனால் அந்த ஆவணத்தைப் படிக்க உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. விஸ்கான்சின், மினசோட்டா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பதிவான பிரான்சைஸ் ஆவணங்களை அரசு இணையதளத்தில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மொத்தம் 23 பிரிவுகள். எல்லாவற்றையும் படியுங்கள், ஆனால் 20ஆம் பிரிவில் ஒரு இரவு முழுக்க உட்காருங்கள். கடந்த 3 வருடத்தில் எத்தனை கிளை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கைமாறியது என்ற அட்டவணை அங்கே இருக்கும். விட்டுப் போனவர்களின் பெயரும் தொடர்பும்கூட இருக்கும். அவர்களில் பத்துப் பேருக்காவது போன் போடுங்கள். 3ஆம் பிரிவில் வழக்குகள், 19இல் வருமானம் பற்றி அவர்கள் சொல்லத் துணிந்த கணக்கு, 21இல் நிறுவனத்தின் தணிக்கை செய்த நிதிநிலை.

அடுத்து, பிராண்டின் பெயர் இந்திய வணிகச் சின்னப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது? 44 (மருத்துவப் பராமரிப்பு), 45 (தனிநபர் சேவை) இரண்டு வகுப்பிலும் தேடுங்கள். இதுவும் இலவசம்தான். வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், 2.5 லட்சம் டாலர் கொடுத்து நீங்கள் வாங்குவது ஒரு வழக்கு.

டேர்ம் ஷீட்டில் மூன்று இடம் எனக்கு நெருடுகிறது. ஒன்று, 25 கிளை இலக்குத் தவறினால் என்ன ஆகும்? இந்தப் பகுதியில் நீங்கள் மட்டுமே என்ற தனி உரிமை மட்டும் போகுமா, ஒப்பந்தமே போகுமா? இரண்டு, உங்கள் ஒப்பந்தம் முறிந்தால் உங்களுக்குக் கீழே கிளை எடுத்தவர்கள் கதி என்ன? அவர்கள் சேமிப்பைப் போட்டிருப்பார்கள். தாய் நிறுவனம் அவர்களை நேரடியாக ஏற்றுக்கொள்ளும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். மூன்று, தாய் நிறுவனம் விற்கப்பட்டால்? இந்தத் துறையில் அது சர்வ சாதாரணம். அமெரிக்காவின் ஒமாஹாவில் 1994இல் தொடங்கிய ஹோம் இன்ஸ்டெட் என்ற ஹோம் கேர் நிறுவனம் 2021இல் ஹானர் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் கைக்குப் போனது. கம்ஃபர்ட் கீப்பர்ஸ் என்ற இன்னொரு ஹோம் கேர் நிறுவனத்தை 2009இல் சோடெக்ஸோ வாங்கியது. புது முதலாளிக்கு இந்தியாவில் அக்கறை இல்லாவிட்டால் உங்கள் மென்பொருளைக்கூட யாரும் புதுப்பிக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லும். குஜராத் பாட்டிலிங் - கோக கோலா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிந்த பிறகும் தொழில் செய்யக்கூடாது என்று எழுதினால், ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் அது பெரும்பாலும் நிற்காது. அவர்கள் அதை எழுதித்தான் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

---

பினாங்கு_தமிழச்சி எழுதியது:

மலேசியாவில் 1998ஆம் ஆண்டுப் பிரான்சைஸ் சட்டம் இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. வெளிநாட்டு நிறுவனம் இங்கே விற்பதற்கு முன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒப்பந்த நகலும் விவர ஆவணமும் 10 நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும், கையெழுத்துக்குப் பிறகும் குறைந்தது 7 வேலை நாள் மனம் மாறலாம். இந்தியாவில் சட்டம் இல்லை என்றால் என்ன, இதே இரண்டையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள் அண்ணா. தர மறுத்தால் அந்த மறுப்பிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

---

கணக்கு_காரைக்குடி எழுதியது:

வக்கீல் சார் சொன்ன பிறகு நான் எண்ணுக்கு வருகிறேன். இது ஒரு மாதிரிக் கணக்குத்தான்.

ஒரு கிளை மாதம் 10 லட்சம் பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலைக்கு வருவதே சுலபம் இல்லை. ராயல்டி 5%, அதாவது 50,000. அதில் பாதி அமெரிக்காவுக்கு, 25,000. அவர்கள் ஒப்பந்தத்தில் "வரி நீங்கலாக" என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கைப்படி ராயல்டிக்கு 15% பிடிக்க வேண்டும். அவர்கள் கைக்கு முழு 25,000 போய்ச் சேர வேண்டுமென்றால் உங்கள் செலவு 29,412. உங்களுக்கு மிஞ்சுவது 20,588.

10 கிளைக்கு மாதம் சுமார் 2 லட்சம். அதில்தான் பயிற்சியாளர், கிளை கிளையாகப் போய்வரும் மேலாளர், கணக்காளர், அலுவலக வாடகை, பயணம், விளம்பரம், உங்கள் குடும்பச் செலவு எல்லாம். நுழைவுக் கட்டணமாகக் கொடுத்த 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையின் வட்டியை நான் இன்னும் தொடவில்லை. 25 கிளையும் முழு வேகத்தில் ஓடினால் மாதம் 5 லட்சத்து 15 ஆயிரம். அந்த வருமானத்தை 6ஆம் வருடத்தில்தான் பார்ப்பீர்கள்.

ஸ்கார்பரோ அண்ணன் சொன்ன அந்தப் பிராந்திய உரிமையாளர் ஏன் கிளை விற்பதிலேயே குறியாக இருந்தார் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் விளங்கும். கெட்ட எண்ணமே வேண்டாம், இந்த வரவுசெலவே ஒருவரை அங்கே தள்ளிவிடும்.

கிளைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கும் ராயல்டிக்கு 18% ஜிஎஸ்டி. அவருடைய சேவை மருத்துவச் சேவை என்று விலக்குப் பெற்றதாக இருந்தால் அந்த வரியை அவரால் கழித்துக்கொள்ள முடியாது. அப்போது 50,000 அவருக்கு 59,000. ஆட்களைச் சொந்தப் பணியாளர்களாக வைத்தால், 10 பேர் சேர்ந்ததும் இஎஸ்ஐ, 20 பேர் சேர்ந்ததும் பிஎஃப் கட்ட வேண்டும். சம்பளத்தில் நிறுவனப் பங்கு முறையே 3.25%, 12%. சம்பளம்தான் இந்தத் தொழிலின் பெரும் செலவு என்பதால் இது சிறு தொகை இல்லை. தெருமுனை ஏஜென்சி இதில் எதையும் கட்டாமல் ஆளை அனுப்பிக் கமிஷன் வாங்கிக்கொள்கிறது. அந்த ஏஜென்சியோடு உங்கள் கிளைக்காரர் விலையில் மோத வேண்டும்.

---

ஒசாகா_நண்பன் எழுதியது:

எல்லோரும் வேண்டாம் என்கிற பக்கமே சாய்கிறீர்கள். மாஸ்டர் முறையில் நன்றாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானில் ஹோம் இன்ஸ்டெட்டின் மாஸ்டர் உரிமை டஸ்கின் நிறுவனத்திடம் இருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த பிராண்ட் முதலில் போன நாடே ஜப்பான்தான், 2000 வாக்கில். அதே 2000 ஏப்ரலில் ஜப்பான் அரசு முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. காலம் பார்த்து இறங்கியவர்களுக்குப் பலன் கிடைத்தது. அண்ணா, நீங்களும் இப்போது பிடிக்காவிட்டால் வேறொருவர் பிடித்துவிடுவார்.

---

ஆர்எஸ்புரம்_ஏஜென்சி எழுதியது:

ஒசாகா நண்பரே, நல்ல உதாரணம். ஆனால் அதே டஸ்கினைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். வீடு வீடாகப் போய்த் துடைப்பான் மாற்றித் தரும் தொழிலில் வளர்ந்த நிறுவனம் அது. 1971இலேயே மிஸ்டர் டோனட்டை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, கிளை முறையில் கடை நடத்தியவர்கள். வீட்டுக்குள் ஆள் அனுப்புவதும் தெரியும், கிளைக்காரரை வளர்ப்பதும் தெரியும். அப்புறம்தான் முதியோர் பராமரிப்பில் கை வைத்தார்கள். காப்பீட்டுப் பணமும் அங்கே இருந்தது. இங்கே மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும், வீட்டில் ஆள் வைக்கும் செலவு முழுக்கப் பிள்ளைகளின் பையிலிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார், பெரிய உபகாரம். ஆனால் இரவில் தண்ணீர் கொடுக்க ஆள் அவர்களால் தர முடியாது.

நான் கோவையில் 11 வருடமாக நடத்துகிறேன். இன்று என்னிடம் 63 பேர். இந்தத் தொழிலில் வீடுகள் தேடி வரும், ஆட்கள்தான் கிடைக்க மாட்டார்கள். பொங்கல் வாரம் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளையைச் சேர்க்கப் போவார்கள். அது அவர்கள் உரிமை, தடுக்கவும் கூடாது. அந்த வாரத்துக்கு ரிலீவர் (மாற்று ஆள்) யார் என்பதை ஐப்பசியிலேயே எழுதி வைத்துவிடுவேன். அமெரிக்க மேனுவலில் ஐப்பசி இருக்காது சார்.

மூன்று மாதம் போனதும் வீட்டார் ஆளிடம் "ஏஜென்சி எதுக்கு, நேரா வந்துடு" என்பார்கள். சிலர் சமையலையும் பாத்திரத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். சில வீடுகளில் முதல் கேள்வியே "என்ன ஆளுங்க?" என்பதுதான். அப்படிக் கேட்கும் வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. முதல் இரண்டு வருடம் அனுப்பினேன். அந்தப் பெண்கள் தனித் தட்டில் சாப்பிட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. இன்று வரை அது மனதை அறுக்கிறது. உங்கள் 25 கிளைக்காரரும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மாஸ்டர் என்றால் அதுதான் வேலை.

5 மாநிலம் என்பது 4 மொழி, 5 சம்பள நிலவரம். ஒரே ஒரு கிளையை உங்கள் கையாலேயே ஒன்றரை வருடம் நடத்திவிட்டு, அப்புறம் பெரிய வரைபடத்தை வாங்குங்கள்.

---

அரியலூர்_அக்கா எழுதியது:

நான் 9 வருசமாகச் சென்னையில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். மகன்தான் இந்த இழையைப் படித்துக் காட்டினான். பெரிய பெரிய கணக்கெல்லாம் பேசுகிறீர்கள், நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

24 மணி நேர ட்யூட்டி என்று அனுப்புவார்கள். படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும். அப்படியானால் நான் எப்போது தூங்குவது? யாரும் கேட்டதில்லை. சமையலறை வாசலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். ஒரு ஏஜென்சியில் என் ஆதார் அட்டையையும் சர்டிஃபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு 5 மாதம் தரவில்லை.

ஒரு வீட்டில் 2 வருசம் ஒரு ஐயாவைப் பார்த்தேன். என் கையில் சாப்பிட்டால்தான் சாப்பிடுவார். விடியற்காலை 4 மணிக்கு என் கண் முன்னால்தான் உயிர் போனது. நான்தான் கண்ணை மூடிவிட்டேன். அன்று சாயங்காலமே ஏஜென்சியிலிருந்து போன், நாளைக்கு அண்ணா நகரில் வேறு வீடு என்று. ஒரு நாள் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

தம்பி கம்பெனி நடத்துங்கள். ஆனால் அந்த மாதிரி ஒரு நாளில் எங்களிடம் "சாப்பிட்டீங்களா, ஊருக்குப் போய்ட்டு வர்றீங்களா" என்று கேட்க ஒரு ஆள் வையுங்கள். அப்படி இருந்தால் நாங்கள் விட்டுவிட்டுப் போக மாட்டோம்.

---

மகள்_ஹூஸ்டன் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் ஓடவில்லை. என் அம்மா திருச்சியில். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்கே தூங்குகிறார் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. இப்போது போன் செய்து கேட்டேன். ஹாலில், ஃபேன் இல்லாத பக்கம். நாளைக்கே கட்டிலும் ஃபேனும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

---

திரும்பிவந்தவன்_கோவை எழுதியது:

மூன்று வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விஸ்கான்சின் தளத்தில் அவர்கள் ஆவணம் கிடைத்தது. விட்டுப் போனவர்களில் 9 பேரிடம் பேசினேன். 6 பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: ஆள் கிடைக்காத நாளில் மேலே இருந்து யாரும் வரவில்லை. வணிகச் சின்னம் இந்தியாவில் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறது, பதிவாகவில்லை.

அப்புறம் நிறுவனத்துக்கு எழுதினேன். கோவையில் ஒரு கிளை, 18 மாதம். அது வரை தமிழ்நாட்டுக்கு மட்டும் முதல் உரிமை எனக்கு, அதற்கு ஒரு சிறு கட்டணம் தருகிறேன் என்று. அமெரிக்காவுக்கு வெளியே தனிக் கிளை கொடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. 30 நாள் கெடு போன வெள்ளிக்கிழமை முடிந்தது. கையெழுத்துப் போடவில்லை.

ஆர்எஸ்புரம் சாரை நேரில் பார்த்தேன். 3 மாதம் அவருடன் இருந்து கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். முதல் வாரம் ரிலீவர் பட்டியல் எழுதும் வேலை. இரண்டு இரவு, ஆள் வராத வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். அப்பாவைத் தூக்கிப் பழகியது அங்கே உதவியது.

ஒஹாயோவில் பார்த்த அந்த நோட்டைத் தமிழில் அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன். அரியலூர் அக்கா, அதில் என்னென்ன கட்டம் இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

அரியலூர்_அக்கா எழுதியது:

எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. தண்ணீர் எத்தனை டம்ளர் குடித்தார். மூத்திரம் எவ்வளவு, என்ன நிறம். வயிறு போனதா. எந்தப் பக்கம் திருப்பினோம், எத்தனை மணிக்கு. முதுகிலும் குதிகாலிலும் சிவப்பு இருக்கிறதா. மாத்திரை கொடுத்தது, விழுங்கினாரா துப்பினாரா, அதையும் தனியாக. இன்று யாரிடம் பேசினார், என்ன கேட்டார். அது ரொம்ப முக்கியம், புதிதாக வருகிறவளுக்கு அதை வைத்துத்தான் பேச்சுக் கொடுக்க முடியும்.

பக்கத்தின் கடைசியில் ஒரு கட்டம் விடுங்கள், பார்த்துக்கொண்டவர் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று.